நிஹாரிக்கு விடிகாலை, கோட்டைக்கு அப்புறம்: ஹைதராபாத் கேள்வி - பதில்

முதல் முறையாக ஹைதராபாத் போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர், வங்கிப் பணிக்காகச் செகந்திராபாத்தில் பல வருடம் குடியிருந்தவர். இப்போதும் ஒரு சாக்கு கிடைத்தால் அங்கே கிளம்பிவிடுகிறவர்.

*டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஹைதராபாத் போகிறோம். நான், மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், 70 வயது அம்மா. பார்க்க வேண்டியவை என்று 22 இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எப்படிப் பிரித்துப் பார்ப்பது, மேடம்?*
– திருச்சி வாசகர்

பட்டியலை மடித்துப் பைக்குள் வையுங்கள். 22 இடத்தையும் மூன்று நாளில் பார்த்தால் உங்கள் மகனுக்கு ஞாபகம் இருக்கப்போவது ஆட்டோவின் பின்சீட்டு மட்டும்தான்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே வழி. எந்த வேளைக்கு எங்கே என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பார்க்கிற இடங்களை அதற்கு நடுவில் செருகுங்கள். கோட்டையும் அரண்மனையும் எங்கேயும் போய்விடாது, நிஹாரி போய்விடும். ஆட்டுக்காலும் கறியும் போட்டு இரவெல்லாம் அடுப்பில் கிடந்த அந்தக் குழம்பைப் பழைய நகரத்தில் விடிகாலையில் இறக்குவார்கள். ஒன்பது மணிக்குப் போனால் பல கடைகளில் அண்டாவின் அடி தெரியும். தோசை வண்டிகள் மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடும். பிரியாணி, நண்பகலில் தம் உடைத்த கையோடு சாப்பிட வேண்டியது. இரானி டீக்கு எல்லா நேரமும் நல்ல நேரம் என்றாலும் மாலை நான்கு மணிக்கு அந்தக் கடைகளில் ஊரே உட்கார்ந்திருக்கும். கபாப் அடுப்புகள் இருட்டிய பிறகுதான் சூடு பிடிக்கும்.

அடுத்தது கிழமை. சாலார் ஜங் அருங்காட்சியகமும் சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மதியம் மெக்கா மசூதியைச் சுற்றித் தொழுகைக்கு வருபவர்களின் கூட்டம் வேறு. எனவே பழைய நகரத்துக்கு வெள்ளி வேண்டாம். உங்கள் மூன்று நாளில் வெள்ளி வந்தால் அதைக் கோல்கொண்டாவுக்கு ஒதுக்குங்கள்.

தங்குவதற்கு லக்டி கா புல், நாம்பள்ளி, அபிட்ஸ் பக்கம் பாருங்கள். ஹைடெக் சிட்டியில் அறை பளபளவென்று இருக்கும், ஆனால் நீங்கள் பார்க்க வந்த ஊர் அங்கே இல்லை. லக்டி கா புல்லில் மெட்ரோ ஏறினால் அதே சிவப்புத் தடத்தில் எம்.ஜி.பி.எஸ். (மகாத்மா காந்தி பேருந்து நிலையம்) வரும். சார்மினார் வரை மெட்ரோ கிடையாது, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோதான்.

வந்து இறங்கும் நாளில் பெரிதாக ஒன்றும் வைக்காதீர்கள். மதியம் பிரியாணி, ஒரு தூக்கம், சாயங்காலம் ஹுசேன் சாகரில் படகு. ஏரி நடுவே நிற்கும் புத்தர் ஒற்றைக் கல்லில் செதுக்கியது. 1990-இல் கொண்டுபோகும்போது படகோடு தண்ணீருக்குள் போய், உயிர்ப்பலியும் வாங்கி, 1992-இல்தான் பீடத்தில் ஏறினார். அங்கிருந்து பிர்லா மந்திர் பக்கத்தில்தான். அம்மாவுக்குப் பிடிக்கும், மலைமேல் காற்றும் நன்றாக இருக்கும்.

இரண்டாம் நாள் முழுக்கப் பழைய நகரம். காலை ஏழு மணிக்கே சார்மினாரில் நில்லுங்கள். சார்மினார் 1591-இல் கட்டியது, அதைச் சுற்றி அந்த நேரத்தில் புறாவும் பால்காரரும்தான் இருப்பார்கள். பத்து மணிக்கு மேல் போனவர்கள் பார்ப்பது வேறு சார்மினார். பக்கத்திலேயே நிம்ரா கடையில் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். மேலே ஏற டிக்கெட் கொடுப்பது காலை ஒன்பது வாக்கில். படிக்கட்டு சுழல், குறுகல், அம்மா கீழேயே உட்காரட்டும். அப்புறம் நடக்கும் தூரத்தில் சௌமஹல்லா. இது அம்மாவுக்கான இடம். தரை சமம், உட்கார இடம் உண்டு, தர்பார் மண்டபத்தில் 19 பெல்ஜியம் சரவிளக்குகள். மகனை ஆறாவது நிஜாம் ஆர்டர் கொடுத்த மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் காரின் பக்கம் விட்டுவிடுங்கள், அவனே வருவான்.

மதியம் மதீனா சந்திப்பு அருகே சாப்பாடு. பிறகு சாலார் ஜங். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், ஆகவே இரண்டு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். 38 கூடங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது வீண். முக்காடிட்ட ரெபெக்கா சிலையைப் பாருங்கள். இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்தது, 1876-இல் நிஜாமின் திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் ரோமில் வாங்கினார். சல்லாத் துணிக்குள் முகம் தெரிவது மாதிரி இருக்கும், துணியும் பளிங்குதான். அடுத்து இரட்டைச் சிலை: முன்பக்கம் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற சாத்தான், பின்பக்கம் மார்கரெட்டா என்ற பெண், இரண்டும் ஒரே மரத்துண்டு. அப்புறம் மணியடிக்கும் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் கதவைத் திறந்துகொண்டு தாடிக்காரப் பொம்மை ஒன்று வந்து மணியடிக்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய் இடம் பிடிக்காவிட்டால் முன்னால் நிற்பவரின் செல்போன்தான் தெரியும்.

வெளியே வந்து நயாபுல், மதீனா, பத்தர்கட்டி கல்வளைவுக் கடைகள், சார் கமான் என்று மறுபடி சார்மினார் வரை நடந்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அம்மாவை மட்டும் ஆட்டோவில் அனுப்பலாம். விளக்குப் போட்ட பிறகு லாட் பஜார் வளையல் கடைகள் எப்படி இருக்கும் என்று உங்கள் மனைவியிடம் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் கோல்கொண்டா, பிறகு அதை ஆண்ட குதுப் ஷாஹி அரசர்களின் கல்லறைகள், மாலை ரயில். பட்டியலில் மிச்சமிருப்பதை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

*ராமோஜி ஃபிலிம் சிட்டியை ஒரு மத்தியானத்தில் பார்த்துவிட முடியுமா?*
– நாமக்கல் வாசகி

முடியாது. ஊருக்கு வெளியே விஜயவாடா நெடுஞ்சாலைப் பக்கம், முழு நாள் போய்விடும். குழந்தைகளுக்காக என்றால் நான்காவது நாள் சேர்த்துக்கொண்டு போங்கள். மூன்று நாள் பயணத்தில் அதை நுழைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

*எல்லோரும் ஹைதராபாத் பிரியாணி என்கிறார்கள். நான் ஆம்பூர்க்காரன். எந்தக் கடை என்று ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.*
– ஆம்பூர் வாசகர்

ஒரு பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள். மதீனா பக்கம் ஷாதாப், பஷீர்பாக்கில் கஃபே பஹார், செகந்திராபாத்தில் 1953-இல் தியேட்டர் பக்கத்து டீக்கடையாகத் தொடங்கிய பாரடைஸ் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் பழைய நகரத்துக் கட்சி. ஆனால் கடையைவிட நேரம் முக்கியம். பன்னிரண்டரைக்குப் போனால் சுமாரான கடையிலும் நல்ல பிரியாணி கிடைக்கும். நாலு மணிக்குப் போனால் பெரிய கடையிலும் சோறுதான்.

நீங்கள் ஆம்பூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நாக்குக்கு முதல் கவளம் ஏமாற்றமாகவே இருக்கும். நம் பக்கத்தில் கறியை மசாலாவில் வேகவைத்து அதில் அரிசியைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு பருக்கையிலும் மசாலா ஏறியிருக்கும். அங்கே கச்சி பிரியாணி. தயிர், பப்பாளிக்காய் விழுது, வறுத்த வெங்காயம், மசாலா எல்லாம் போட்டு ஊறவைத்த பச்சைக் கறி அடியில் இருக்கும். அதன்மேல் அரைவேக்காட்டு பாஸ்மதி. மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்துவிட்டு மெதுவான தீயில் விடுகிறார்கள். கறி தன் தண்ணீரிலேயே வெந்து, அந்த ஆவியில் மேலே இருக்கும் அரிசியும் வேக வேண்டும். உப்பும் தண்ணீரும் நடுவில் பார்த்துத் திருத்தவே முடியாத சமையல் இது. அதனால்தான் அதைச் செய்கிறவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

விளைவு என்னவென்றால், மேல்சோறு வெள்ளையாக, வாசனையோடு, ஏறக்குறைய வெறும் சோறாக இருக்கும். அடிச்சோறு காரமாக, பிசுக்காக இருக்கும். தட்டில் இரண்டையும் நீங்கள்தான் கலந்துகொள்ள வேண்டும். பரிமாறுகிறவர் மேலாக மட்டும் வாரிப் போட்டால் அடியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கத்தரிக்காய்த் தொக்கைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் மிர்ச்சி கா சாலன் வரும். வேர்க்கடலை, எள், தேங்காய் அரைத்துப் புளி சேர்த்த குழம்பில் பெரிய பச்சைமிளகாய். அதைத் தொட்டுக்கொள்ளாமல் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மட்டன்தான் கேளுங்கள். கோழி சீக்கிரம் வெந்துவிடும், தம்மில் அதற்கு வேலை இல்லை. ஒரு பிளேட் வாங்கினால் சாதாரணமாகச் சாப்பிடுகிற இரண்டு பேருக்குக் காணும். பிறகு குபானி கா மீட்டா. உலர்ந்த சர்க்கரை பாதாமியை (ஆப்ரிகாட் பழம்) வேகவைத்துக் குழைத்து, மேலே பாலாடை. இதற்கு இடம் வைத்துச் சாப்பிடாதவர்கள் அந்த ஊர் விருந்தில் பாதியைத்தான் சாப்பிட்டவர்கள்.

*நானும் கணவரும் சுத்த சைவம். ஹைதராபாத் என்றாலே கறி, கபாப் என்று எழுதுகிறார்கள். நாங்கள் மூன்று நாளும் தயிர் சாதம்தானா?*
– மயிலாடுதுறை வாசகி

என் வீட்டுக்காரரும் சுத்த சைவம், நான் அப்படியில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: மெலிந்து திரும்ப மாட்டீர்கள்.

காலையில் சார்மினார் பக்கத்துக் குல்சார் ஹவுஸ் அருகே கோவிந்த் தோசை வண்டி. வெண்ணெயை அள்ளிப் போட்டு, தக்காளி, உப்புமா, பொடி எல்லாம் தோசைமேலேயே வைத்துத் தேய்ப்பார்கள். நம் ஊர் தோசை அல்ல இது, அதனோடு ஒப்பிடவும் வேண்டாம். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். என் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தவா இட்லியும் கேட்டார்.

மதியத்துக்கு ஆந்திரா மெஸ் ஏதாவது ஒன்று. முத்தப்பப்பு, கோங்குரா பச்சடி, பொடியும் நெய்யும் என்று தொடங்கினால் சாம்பார் வருவதற்குள் வயிறு பாதி நிறைந்திருக்கும். காரம் தாங்காதவர்கள் நெய்யைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரவுக்கு நல்ல உணவகத்தில் பகாரா பைங்கன் கேளுங்கள். எள், கடலை, புளிக் கூட்டில் முழுக் கத்தரிக்காய். கூடவே புளித்த பருப்பான கட்டி தால். அந்த ஊர் சமையலின் சாரம் முழுவதும் இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும், கறி தேவையே இல்லை. அசைவ உணவகம் என்றால் கிரேவியில் கறிச்சாறு சேர்ப்பதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோட்டியில் கோகுல் சாட், மொஸம்ஜாஹி மார்க்கெட்டில் பழ ஐஸ்கிரீம். அந்த மார்க்கெட் கட்டடமே 1935-ஆம் வருடத்துக் கருங்கல் கட்டடம், ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரானி டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சதுரமாக, மொறுமொறுவென்று ஒன்று இருக்கும். பெயர் லுக்மி. உள்ளே கொத்துக்கறி. சின்ன சமோசாவிலும் வெங்காயம் உண்டு, கீமாவும் உண்டு. கேட்காமல் எடுக்காதீர்கள். டீயைத் தாராளமாகக் குடியுங்கள். தேயிலையைத் தனியாக மூடிய பாத்திரத்தில் வெகுநேரம் காய்ச்சி, பாலைத் தனியாகச் சுண்ட வைத்து, கோப்பையில்தான் இரண்டையும் சேர்ப்பார்கள். நம் ஃபில்டர் காபிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்துவிடும்.

*இந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சமாளிக்க முடியுமா?*
– தேனி வாசகர்

தாராளமாக. யாரைக் கூப்பிட வேண்டுமானாலும் ‘அன்னா’ போதும், அது நம் அண்ணாவேதான். எண்களை மட்டும் உருதுவிலோ தெலுங்கிலோ பழகிக்கொள்ளுங்கள், பேரம் பேச உதவும். ஆட்டோவுக்கு செல்போன் செயலியைப் பயன்படுத்தினால் பேரமும் இல்லை. செகந்திராபாத் 1806 முதல் ராணுவக் குடியிருப்பாக வளர்ந்த ஊர். நம் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறையாக அங்கே இருக்கின்றன. நீங்கள் வழி தெரியாமல் தமிழில் புலம்பினால் பின்னாலிருந்து யாராவது தமிழிலேயே வழி சொல்வார்கள்.

*மேடம், நான் கல்லூரி மாணவன். நண்பர்கள் நான்கு பேர் ரமலான் மாதத்தில் ஹலீம் சாப்பிடவே போகலாம் என்கிறோம். நாங்கள் முஸ்லிம்கள் அல்ல. போகலாமா? கையில் பணம் குறைவு.*
– கோவை மாணவர்

போங்கள் தம்பி, தயக்கமே வேண்டாம். நோன்பு திறந்த பிறகு கடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் எல்லா மதத்துக்காரர்களும் இருப்பார்கள். கோதுமை, பருப்பு, கறி மூன்றையும் நெய்யோடு மணிக்கணக்காக வேகவிட்டு, பெரிய மர மத்தால் ஆட்கள் மாறி மாறி இடித்துக்கொண்டே இருப்பார்கள். கறி எது, கோதுமை எது என்று தெரியாமல் நம் களி பதத்துக்கு வரும்போது இறக்குவார்கள். 2010-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இந்தியாவில் இறைச்சி உணவு ஒன்றுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் முறை. நான்கு பேர் என்றால் இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொண்டு, அடுத்த கடைக்குப் போங்கள். ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஆனால் ரமலானில் பகல் வேறு மாதிரி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பழைய நகரத்தில் பல சாப்பாட்டுக் கடைகள் பகலில் மூடியிருக்கும். திறந்திருக்கும் இடத்திலும் தெருவில் நின்று மென்றுகொண்டே போவது அழகல்ல. பகலில் தூங்கி, கோல்கொண்டா பார்த்து, மாலை ஐந்துக்குப் பழைய நகரத்தில் இறங்குங்கள். நள்ளிரவு தாண்டியும் லாட் பஜாரில் வளையல் வியாபாரம் நடக்கும். ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

ரமலானில் போக முடியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பர்கஸ் என்ற பகுதி. நிஜாம் படைக்கு யேமனிலிருந்து வந்த அரபுக்காரர்களின் சந்ததி வாழும் இடம். ஹலீமுக்கு மூத்த ஹரீஸ் அங்கே காலை உணவாகவே கிடைக்கும். மசாலா இல்லாமல், வெள்ளையாக, நெய்யும் சர்க்கரையும் தூவிக்கூடச் சாப்பிடுகிறார்கள். எனக்கு ஹலீமைவிட அதுதான் பிடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

*முழங்கால் வலி இருக்கிறது. கோல்கொண்டாவை விட்டுவிடலாமா? மேலே ஏறாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது?*
– மதுரை வாசகி

விட வேண்டாம். உச்சி மண்டபத்துக்குச் சுமார் 360 படி, அது உங்களுக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கோட்டையின் வித்தை தொடங்குவதே கீழே நுழைவாயிலில்தான். அங்குள்ள மண்டபக் கூரைக்கு அடியில் நின்று கை தட்டினால் உச்சியில் இருப்பவருக்குக் கேட்கும். எதிரி வாசலுக்கு வந்துவிட்டான் என்று மேலே சொல்ல அந்தக் காலத்து ஏற்பாடு. வீட்டுப் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் கீழே நின்று தட்டுங்கள். சனி, ஞாயிறில் நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருப்பார்கள், எது உங்கள் தட்டல் என்று தெரியாது. வேலை நாளில் காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

கீழ்மட்டத்திலேயே அரசிகளின் மாளிகை இடிபாடுகள், நீரை மேலே ஏற்றிய மண்குழாய்கள் சுவருக்குள் தெரியும் இடங்கள் எல்லாம் இருக்கின்றன. ராமதாசர் சிறையும் அந்தக் கோட்டைக்குள்தான், கொஞ்சம் படி ஏற வேண்டும், முடிந்தவரை முயலுங்கள். பத்ராசலம் ராமர் கோயிலை அரசாங்க வரிப்பணத்தில் கட்டினார் என்று கஞ்சர்ல கோபண்ணா என்ற ராமதாசரை அடைத்து வைத்த இடம். சுவரில் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்களை அவரே செதுக்கினார் என்பார்கள். கச்சேரிகளில் ராமதாசர் கீர்த்தனை கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த இருட்டு அறைக்குள் போய் நிற்கும்போது வரும் உணர்ச்சியைக் கூட வருகிற வழிகாட்டியால் சொல்ல முடியாது. அவர் வைரக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அதிலும் ஒரு திருத்தம்: கோல்கொண்டாவில் வைரம் தோண்டவில்லை. சுரங்கங்கள் கிருஷ்ணா ஆற்றங்கரையில் கொல்லூர் போன்ற இடங்களில் இருந்தன. இங்கே நடந்தது வியாபாரம்.

அடுத்து குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். கோட்டையிலிருந்து பக்கம்தான், சமதரை, நிழல் உண்டு. உங்கள் முழங்காலுக்கு இதுதான் சரியான இடம். 2013-இலிருந்து ஆகா கான் அறக்கட்டளை பத்து வருடத்துக்கு மேல் உழைத்துப் பழுதுபார்த்திருக்கிறது. அங்குள்ள படிக்கிணறுகளைச் சீர்செய்த வேலைக்கு 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அந்த வம்சத்து அரசர்களில் கடைசியான அபுல் ஹசன் மட்டும் அங்கே இல்லை. 1687-இல் எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்ததும் அவரைத் தௌலதாபாத்தில் சிறை வைத்தார், அவர் காலம் அங்கேயே முடிந்தது. ராமதாசரைச் சிறையில் போட்டது அபுல் ஹசன் ஆட்சியில்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கதை ஒட்டிக்கொள்ளும்.

*அசல் முத்து வாங்குவது எப்படி? ஏமாற்றிவிடுவார்களா?*
– சேலம் வாசகி

தெருவில் தேடி வந்து விற்பவரிடம் வாங்காதீர்கள், ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையிலும் வாங்காதீர்கள். ஒரு தடவை என் தோழியை அப்படித்தான் ஒரு கடைக்குள் இறக்கிவிட்டார் ஓர் ஆட்டோக்காரர், விலை இரண்டு பங்கு. பத்தர்கட்டி, சார் கமான் பக்கத்துப் பழைய கடைகளில் பில்லோடு வாங்குங்கள். ஒரு முத்தை இன்னொரு முத்தோடு உரசினால் லேசான சொரசொரப்பு தெரிய வேண்டும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள்தான், அதில் தவறில்லை.

என்னைக் கேட்டால் முத்தைவிட லாட் பஜாரின் அரக்கு வளையல். அரக்கைக் கரித்தணலில் இளக்கி, வளைத்து, கல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பதைக் கடை வாசலிலேயே பார்க்கலாம். உங்கள் கை அளவுக்கு அங்கேயே சரிசெய்தும் தருவார்கள். சொல்லும் விலையில் பாதியில் தொடங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் பேரம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

*பாக்மதி என்ற நடனப் பெண்ணின் காதலுக்காகத்தான் முகம்மது குலி குதுப் ஷா இந்த ஊரைக் கட்டினாராமே? மாணவர்களிடம் சொல்லலாமா?*
– புதுக்கோட்டை ஆசிரியை

கதையாகச் சொல்லுங்கள், வரலாறாக வேண்டாம். பாக்மதி இருந்தாரா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சார்மினார் கொள்ளைநோய் நீங்கியதற்காக எழுந்தது என்பதும் வாய்வழிக் கதைதான். இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் ஆயிரமாவது ஆண்டு 1591-இல் தொடங்கியது. புது ஆயிரத்தாண்டையொட்டிப் புது நகரம் என்ற விளக்கம் எனக்கு நம்பும்படி இருக்கிறது. தவிர, கோல்கொண்டாவில் இடநெருக்கடியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருந்தன.

மாணவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் யாரும் காட்டாத ஒன்றைக் காட்டுங்கள். அஃப்சல்கஞ்சில் முசி ஆற்றங்கரையோரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம். 1908 செப்டம்பர் 28 அன்று முசி பெருக்கெடுத்து ஊரை அடித்துக்கொண்டு போனபோது அதன் கிளைகளில் ஏறியவர்கள் சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தார் நிஜாம். அவர் சொன்ன வழியில் எழுந்தவைதான் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள். மருத்துவமனை என்பதால் கும்பலாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகாமல் பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போங்கள்.

*டிக்கெட்டில் சார்லப்பள்ளி என்று போட்டிருக்கிறது. இது எங்கே இருக்கிறது?*
– சென்னை வாசகர்

ஊரின் கிழக்கு ஓரத்தில். 2025 ஜனவரியில் புது முனையமாகத் திறந்தார்கள். செகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகுடா, சார்லப்பள்ளி நான்கும் வேறு வேறு நிலையங்கள், ஒன்றுக்கொன்று தூரம். டிக்கெட் போடும்போதே எங்கே இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். பழைய நகரத்துக்கு நாம்பள்ளியும் காச்சிகுடாவும் வசதி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. டிசம்பர், சங்கராந்தி என்றால் முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

*ஊருக்குத் திரும்பும்போது சாப்பிட என்ன வாங்கி வரலாம்?*
– தஞ்சாவூர் வாசகி

உஸ்மானியா பிஸ்கட். உப்பும் இனிப்பும் சேர்ந்தது, டப்பாவில் போட்டால் பல நாள் தாங்கும். நாம்பள்ளி சுபான் பேக்கரியில் அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு கிடைத்தால் பெட்டியை உடனே மூடாமல் ஆறவிட்டு மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும். பழ பிஸ்கட் வேண்டுமானால் கராச்சி பேக்கரி. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர் 1953-இல் தொடங்கிய கடை. இனிப்புக்குப் புல்லா ரெட்டி நெய் இனிப்புகள். குபானி கா மீட்டா கெட்டுப்போகும், அதற்குப் பதில் பேகம் பஜாரில் உலர்ந்த குபானியாக வாங்கி வந்து வீட்டில் செய்யுங்கள். கொட்டையை எறியாதீர்கள், உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கும், அதைத்தான் மேலே தூவுவார்கள்.

பிரியாணிப் பார்சல் வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்க ரயிலில் வந்து மறுநாள் தஞ்சாவூரில் பிரித்தால் உங்கள் மாமியார் அதை வைத்துத்தான் ஹைதராபாத்தை எடைபோடுவார்.